மெட்டபாலிக் சிண்ட்ரோம்: தெரிந்ததைச் செய்ய முடியாமல் போகும் இடத்தைச் சரிசெய்வது எப்படி?

இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று எல்லை மீறினால் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்ற நோய்க்குறி. ஐந்தில் ஒன்றுகூட வலிக்காது. சிக்கலே அதுதான். பல்வலிக்காரரை டாக்டரிடம் போகச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ட்ரைகிளிசரைடு 240 இருப்பவரின் கை மாலை நான்கரை மணிக்கு பஜ்ஜித் தட்டை நோக்கிப் போகும்போது, உடம்புக்குள்ளிருந்து 'வேண்டாம்' என்று எந்தக் குரலும் வராது.

அரிசியைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், சரியாகத் தூங்க வேண்டும் என்பதெல்லாம் இந்த நோய்க்குறி உள்ள எல்லோருக்கும் தெரியும். செய்ய முடியாமல் போவது எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் என்பதுதான் தெரியாது. இந்த வழிகாட்டி அதற்கானது. இதில் உணவுப் பட்டியல் கிடையாது. மருந்துக்கு இது மாற்றும் அல்ல.

இப்படி மெனக்கெடுவதால் பலன் உண்டா? சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வாழ்க்கைமுறை ஆலோசனை மட்டும் தந்தபோதே நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 58 சதவீதம். அமெரிக்காவில் பங்கேற்றவர்களுக்கு முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள் நடத்தினார்கள். கலோரி, கொழுப்பு பற்றிய பாடங்களோடு, சறுக்கினால் என்ன செய்வது, தன்னைத் திட்டிக்கொள்ளும் எண்ணங்களுக்கு எப்படிப் பதில் சொல்வது, மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது என்பவையும் தனித்தனிப் பாடங்களாக இருந்தன. நம் ஊர் ஆலோசனைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பாதிதான்.

படி 1: எண்களை ஒருமுறை ஒழுங்காக எடுங்கள்

நமக்கான எல்லைகள்: இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் (தெற்காசியர்களுக்கு வரம்பு ஐரோப்பியர்களைவிடக் குறைவு). ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85, அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மி.கி. அல்லது மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்குக் கீழ், பெண்களுக்கு 50க்குக் கீழ். மாத்திரையால் இயல்பு நிலையில் இருந்தாலும் அது கணக்கில் சேரும்.

'என் பேன்ட் சைஸ் 34தான்' என்று பல ஆண்கள் சொல்வார்கள். அந்த பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. டேப்பைப் பிடிக்க வேண்டிய இடம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். சட்டையைத் தூக்கிவிட்டு, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தால் ஏமாறுவது நீங்கள்தான்.

ரத்த அழுத்தத்தை வீட்டில் பார்ப்பதென்றால், காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி போடுங்கள். படபடப்பாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரத்தில் ஏழு முறை பார்ப்பவர்கள் உண்டு. பார்க்கப் பார்க்கப் பயம் ஏறும், பயத்தில் அழுத்தமும் ஏறும். டாக்டர் சொன்ன நாள்களில் காலை, மாலை என்று மட்டும் பாருங்கள்.

இடுப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த 2 முதல் 3 மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவதால் அதை மூன்று மாதத்துக்கு முன் திரும்பப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. எடை, உப்பாலும் தண்ணீராலும் மட்டுமே ஒரு நாளில் ஒரு கிலோ மேலே கீழே போகும். அந்த ஏற்ற இறக்கம் உங்கள் மனநிலையைக் கெடுக்கிறதென்றால் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் பாருங்கள்.

படி 2: மனச்சோர்வு இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்

கடந்த இரண்டு வாரங்களை நினைத்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதி நாள்களுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது மேல் வந்தால் மனநல மருத்துவரிடமோ உங்கள் குடும்ப டாக்டரிடமோ முழு மதிப்பீடு கேளுங்கள். மனச்சோர்வோடு இருப்பவரிடம் 'காலையில் எழுந்து நடங்கள்' என்பது, காய்ச்சலில் கிடப்பவரைக் கபடிக்கு அழைப்பது போன்றது.

நிறுத்த முடியாத வேகத்தில், வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டுவிட்டு வெட்கப்படுவது வாரம் ஒருமுறையாவது நடந்து மூன்று மாதமாகத் தொடர்கிறதா? அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. உணவுக் கட்டுப்பாட்டை இறுக்கினால் அது இன்னும் மோசமாகும். ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகளால் எடை கூடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த டாக்டரிடம் பேசுங்கள், மாற்று வழிகள் இருக்கின்றன.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926 எண்ணில் அழைக்கலாம்.

படி 3: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

பலருக்குப் பொறுமை இல்லாத படி இது. திங்கட்கிழமையே எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும். வேண்டாம். சட்டைப்பைக்குள் போகிற சின்ன நோட்டு ஒன்று வாங்கி, ஏழு நாளும் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் ஒரே வரி எழுதுங்கள்: மணி, இடம், கூட யார், அதற்கு முன் மனம் எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டேன். அளவுகளை எடை போட்டு எழுத வேண்டியதில்லை. இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். தப்பிப்பது எப்போதும் அந்த மிக்சர் கைப்பிடிதான்.

எட்டாம் நாள் நோட்டைப் படித்தால் உங்கள் சறுக்கலுக்கு ஒரு நேரம் இருப்பது தெரியும். அலுவலகம் போவோருக்கு அது பெரும்பாலும் மாலை 4 முதல் 7. கடை வைத்திருப்போருக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீடு திரும்பிய இரவு 10க்கு மேல். வீட்டில் சமைக்கும் பெண்களின் நோட்டில் வேறொன்று இருக்கும்: வேளைச் சாப்பாடு அளவாகத்தான் இருக்கும், உப்பு பார்த்த கரண்டி, பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை, 'வீணாகப் போகக் கூடாது' என்று வாயில் போட்ட சாதம் ஆகியவை சேர்ந்து இன்னொரு வேளைக்கு ஆகியிருக்கும். டீயையும் கூட்டிப் பாருங்கள். நாளுக்கு நான்கு டீ, தலா இரண்டு ஸ்பூன் என்றால் ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை. இனிப்பே சாப்பிடுவதில்லை என்று சொல்பவரின் நோட்டிலும் இது இருக்கும்.

மன நிலை எழுதிய இடத்தை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். 'பசி' என்று எழுதிய இடங்கள் எத்தனை, 'கடுப்பு', 'தனிமை', 'அலுப்பு', 'சும்மா' என்று எழுதிய இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பசியாக இருந்தால் மதிய உணவில் பருப்பு, சுண்டல், முட்டை, காய் போதவில்லை என்று பொருள். அதற்கு மனப்பயிற்சி வேண்டாம், சாப்பாடு வேண்டும். மற்றவைதான் அடுத்த படிகளுக்கு உரியவை.

படி 4: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்து இரண்டு மதிப்பெண் போடுங்கள். இதை மாற்றுவது எனக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10க்குள்? மாற்ற முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு? முக்கியத்துக்கு 5 போட்டிருந்தால், 'ஏன் 2 போடவில்லை?' என்று கேளுங்கள். 'ஏன் 9 இல்லை?' என்று கேட்டால் மனம் சாக்குகளை அடுக்கும். 'ஏன் 2 இல்லை?' என்றால் காரணங்களைத் தேடும். உங்கள் வாயிலிருந்து வரும் காரணம்தான் நிற்கும். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்ததாக இருக்கலாம், பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும் என்பதாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை 7க்குக் கீழே இருந்தால் பழக்கத்தைப் பாதியாக வெட்டுங்கள். தினமும் 45 நிமிட நடை 4 வாங்கினால், இரவு உணவுக்குப் பின் 10 நிமிடம் என்று வையுங்கள். 10 நிமிடம் அற்பமல்ல: சாப்பிட்ட உடன் நடப்பது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும். வாரம் 150 நிமிடம் என்ற இலக்குக்குப் பிறகு போய்ச் சேரலாம்.

படி 5: 'இது நடந்தால் இதைச் செய்வேன்'

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விரிவாக ஆராய்ந்த முறை இது. 'இனி நடக்கப் போகிறேன்' என்ற தீர்மானத்தைவிட, ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போட்ட தீர்மானம் பலிக்கும் வாய்ப்பு அதிகம். எழுதும் வடிவம்:

'இரவுத் தட்டைக் கழுவி வைத்ததும், செருப்பைப் போட்டுத் தெருமுனைக் கோயில் வரை போய்த் திரும்புவேன்.'

'நான்கு மணி டீ மேசைக்கு வந்ததும், முதலில் பையில் உள்ள சுண்டலை எடுப்பேன்.'

'கடையை மூடிப் பைக்கை எடுத்ததும், புரோட்டாக் கடை இல்லாத ரோட்டில் திரும்புவேன்.'

இது தோற்கும் வழிகள் நான்கு. முதலாவது, 'சாப்பிட மாட்டேன்' என்று எதிர்மறையாக எழுதுவது. அது ஒரு வெற்றிடத்தை விடும். கை சும்மா இருக்காது. இரண்டாவது, மணியோடு கட்டுவது. ஏழு மணிக்கு என்றால் பஸ் தாமதமான நாளில் திட்டம் இல்லை. தட்டைக் கழுவுவது எப்படியும் நடக்கும். மூன்றாவது, துணைக்கு ஒருவர் வந்தால்தான் என்று வைப்பது. நான்காவது, மழையை மறப்பது. ஐப்பசியில் தொடங்குகிறவர்கள் 'மழை பெய்தால் ஹாலிலேயே பத்து நிமிடம்' என்று இரண்டாவது வரியை இப்போதே எழுதுங்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுவளவில் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. இதை ஞாபகம் வையுங்கள், படி 8இல் தேவைப்படும்.

படி 6: ஆசை எழும் பத்து நிமிடம்

பசியையும் ஆசையையும் பிரிக்க ஒரு எளிய சோதனை: இட்லி கிடைத்தாலும் சாப்பிடுவேன் என்றால் பசி. அந்தக் கடை மிக்சர்தான் வேண்டும் என்றால் ஆசை.

ஆசை அலைபோல ஏறி உச்சி தொட்டு இறங்கும். அடக்க முயன்றால் இன்னும் நினைவில் நிற்கும். பத்து நிமிடம் டைமர் வைத்துவிட்டு, அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். நாக்கிலா, தொண்டையிலா, நெஞ்சிலா? 10க்கு எத்தனை? மூன்று நிமிடம் கழித்து எத்தனை? பத்து நிமிடமானதும் வேண்டுமென்றால் ஒரு கிண்ணத்தில் எடுத்து, உட்கார்ந்து சாப்பிடலாம். டப்பாவிலிருந்து நேராக அல்ல. இந்த அனுமதி முக்கியம். முழுத்தடை விதித்தவர்கள்தான் தடை உடையும்போது டப்பாவை முடிக்கிறார்கள்.

இதைவிடச் சுலபமானது, ஆசை எழும் முன்பே வீட்டை மாற்றி வைப்பது. பார்வைக்குத் தெரியும் கண்ணாடி ஜாடியில் கடலை, பரணில் எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு. 'பிள்ளைகளுக்காக வாங்கினேன்' என்ற பாக்கெட்டைப் பெரும்பாலும் முடிப்பது பிள்ளைகள் அல்ல.

படி 7: பந்தியும் வீட்டாரும்

நம் ஊரில் 'போதும்' என்ற சொல்லுக்குப் 'போதும்' என்று பொருளில்லை, கூச்சப்படுகிறார் என்று பொருள். இரண்டாவது கரண்டி விழுந்தே தீரும். பந்தியில் வாயை நம்பாமல் கையை நம்புங்கள்: பரிமாறுபவர் பக்கத்து இலைக்கு வரும்போதே உங்கள் சாதத்தின் மேல் உள்ளங்கையை விரித்துவிடுங்கள். கூட்டு, பொரியலை முதலில் முடியுங்கள். அதை மறுமுறை கேட்டு வாங்கினால் பரிமாறுபவருக்கும் திருப்தி. பாயசம் ஒரு வாய் போதுமென்றால் ஊற்றும் முன்பே டம்ளரில் பாதி கேளுங்கள்.

'சுகர் இருக்கு' என்று காரணம் சொல்லாதீர்கள். உடனே வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டை என்று எதிர்வரிசை வரைக்கும் வைத்தியம் தொடங்கிவிடும். 'ஒரு நாள்தானே' என்ற வாதமும் கூடவே வரும். 'ரொம்ப நல்லா இருந்துச்சு சித்தி, வயிறு நிறைஞ்சிருச்சு' என்பதற்கு எதிர்வாதம் கிடையாது.

வீட்டில் நிலைமை வேறு. மனைவியோ கணவனோ மகனோ அக்கறையால் காவல்காரர் ஆகிவிடுவார்கள்: 'இதைச் சாப்பிடலாமா நீங்க?' கேட்டவுடன் ரோஷம் வரும், ரோஷத்தில் இன்னொன்று உள்ளே போகும். தட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பதிலுக்குக் கையால் செய்யக்கூடிய ஒரு உதவியைக் கேளுங்கள். 'சாதச் சட்டியை மேசைக்குக் கொண்டுவராம, அடுப்படியிலேயே போட்டுக் கொடு.' 'ராத்திரி என்கூடப் பத்து நிமிஷம் நடக்க வா.' கோபத்தில் கேட்காதீர்கள், சாப்பிடும் நேரத்திலும் கேட்காதீர்கள்.

படி 8: சறுக்கிய பிறகு வரும் 24 மணி நேரம்

இந்த முழு வேலையிலும் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியுமென்றால் இதை எடுங்கள். நஷ்டத்தின் பெரும்பகுதி நடப்பது இங்கேதான். புதன்கிழமை மதியம் ஒரு பிரியாணி. அதனால் மூன்று மாதச் சராசரி அசையாது. அதன்பின் வரும் எண்ணம்தான் அசைக்கிறது: 'இந்த வாரம் போச்சு. திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்.' புதன் மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை பதின்மூன்று வேளை. ஒரு வேளையின் தவறைப் பதின்மூன்று வேளையாக்குவது அந்த ஒரு வாக்கியம்.

எனவே சறுக்கும் முன்பே ஒரு சீட்டு எழுதி, ஆதார் அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

அடுத்த வேளை வழக்கமான வேளை. ஈடுகட்டப் பட்டினி இல்லை. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிப்ரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் பட்டினி கிடந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மருந்தில்லாதவருக்கும் பட்டினி உதவாது. அது மாலை நான்கரைக்குக் கொண்டுபோய் விடும்.

மூன்று கேள்விகள்: அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது? மனதில் ஓடிய வாக்கியம் என்ன? அடுத்த முறை அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை மாற்றுவேன்? பதில் 'எனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று வந்தால் கேள்வி தப்பாகப் போய்விட்டது. 'மதியம் சாப்பிட மூன்று மணியாகிவிட்டது' என்று வந்தால் சரி. அதை மாற்ற முடியும்.

எண்ணத்துக்குப் பதில். நேர்மறையாக நினைக்க வேண்டும் என்றில்லை, துல்லியமாக நினைத்தால் போதும். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பதற்கு எதிராக 'நான் சிறப்பானவன்' என்று எழுதினால் மனம் நம்பாது. 'இந்த வாரம் 21 வேளையில் 17 திட்டப்படி, 4 தவறியது' என்று எழுதினால் நம்பும், ஏனென்றால் நோட்டில் இருக்கிறது.

வெட்கம் இன்னொரு வழியிலும் கெடுக்கும். எண் கூடியிருக்கும் என்ற பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது மூன்று நாள் கடும் பத்தியம் இருந்துவிட்டுப் போவார்கள். பத்தியத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் நன்றாகத் தெரியலாம், எச்பிஏ1சி ஏமாறாது. இரண்டும் முரண்படும்போது டாக்டர் மருந்தளவைத் தவறாகக் கணிக்கவும் வாய்ப்புண்டு.

படி 9: தூக்கம், டென்ஷன், மாத்திரை

தூக்கம் குறைந்தால் பசி கூடும், மறுநாள் மனவுறுதி குறையும். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைக் கட்டுங்கள்: விடுமுறையிலும் அதே நேரம். இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணை அழுத்தியதும் திரும்புங்கள். சத்தமாகக் குறட்டை, பகலில் அசதி இரண்டும் இருந்தால் தூக்க மூச்சுத்தடைக்குப் பரிசோதனை கேளுங்கள்; அது மனப்பயிற்சியால் தீராது.

டென்ஷனுக்கு 4 வரை எண்ணி மூச்சை இழுத்து, 6 வரை எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம். டென்ஷன் உச்சத்தில் முதன்முறையாக முயன்றால் பயன்படாது. அமைதியான நேரத்தில் இரண்டு வாரம் பழகியிருக்க வேண்டும். கடன், வேலை, பிள்ளை படிப்பு போன்ற கவலைகளை எழுதி, இந்த வாரம் ஏதாவது செய்ய முடிந்தவற்றைத் தனியே பிரியுங்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஒரு போன் கால், ஒரு விண்ணப்பம் என்று அடுத்த செயலை எழுதுங்கள்.

மாத்திரையை நிறுத்துவதற்குப் பின்னால் பெரும்பாலும் மறதி அல்ல, ஒரு நம்பிக்கைதான் இருக்கும்: 'ஒருமுறை ஆரம்பித்தால் விடவே முடியாது', 'பிரஷர் நார்மல் ஆகிவிட்டதே'. நார்மல் ஆனது மாத்திரையால். சந்தேகத்தை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எடை குறைந்தால் அளவைக் குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம். வெறும் மறதி என்றால் வாரப் பெட்டியும் பல் துலக்கும் கிண்ணமும் போதும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அந்த ஊழியர் வரும் நாளை நோட்டில் குறித்து வையுங்கள்.

படி 10: பன்னிரண்டாம் வாரம்

எடை கூடுதலாக இருந்தால் முதல் இலக்கு 7 சதவீதம். 80 கிலோவுக்கு ஐந்தரை கிலோ. இது ஆறு மாத வேலை, மூன்று மாதத்தில் பாதி வந்தால் நல்லது. இடையில் சில வாரம் எடை அசையாமல் நிற்கும். குறைந்த எடைக்கு உடம்பு குறைவாகவே எரிக்கிறது என்பது ஒரு காரணம். தொடக்கத்தில் அளந்து போட்ட எண்ணெய் இப்போது கண்மதிப்பில் விழுகிறது என்பது இன்னொன்று.

ஆய்வக முடிவு வந்ததும் நோட்டில் திட்டப்படி நடந்த நாள்களை எண்ணுங்கள். பத்து நாளில் ஏழுக்கு மேல் செய்தும் எண் அசையவில்லை என்றால், அது உங்கள் குற்றம் அல்ல. மருந்தையோ அளவையோ டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். தைராய்டு குறைபாடு போன்ற வேறு காரணமும் இருக்கலாம். ஏழுக்குக் கீழே என்றால் திட்டம் பெரிதாகிவிட்டது. படி 4க்குப் போய் வெட்டுங்கள். செய்தும் இருக்கிறீர்கள், எண்ணும் இறங்கியிருக்கிறது என்றால் மட்டும் இரண்டாவது பழக்கத்தைச் சேருங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: இந்த மூன்று மாதம் செய்தது, செய்ய முடியாத ஒன்று, கேட்க வேண்டிய ஒன்று. உட்கார்ந்ததும் தாளை மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில், கதவருகே எழுந்து நின்றபின் ஞாபகம் வரும் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை.